சேனாவரையம்: பயிலும் நெறியும் பயிற்றும் நெறியும்

அரிய நூலொன்றை ஆர்வத்தோடு எடுத்துப் பத்துப் பக்கம் கடக்குமுன் மூடிவைத்த வருத்தம் நம்முள் பலர்க்கும் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் வரைந்த உரை அத்தகைய நூல்களுள் ஒன்று. "மாணவர்க்கு இதன் சுருக்கமே போதும்" என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைநகரில் எழுத்தர்களாகப் பணிபுரியும் நண்பர் நால்வர், ஞாயிறுதோறும் கூடி இவ்வுரையைப் பயிலத் தொடங்கினோம். அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதிவைத்துப் படித்தோம். சொற்கள் விளங்கின, வாதம் விளங்கவில்லை. மூன்று திங்களில் கூட்டம் கலைந்தது. குறை எங்கே என்பதை உணர்த்தியது எம் அலுவலே. கோப்பிலுள்ள ஒரு குறிப்பை மட்டும் படித்து எந்த எழுத்தரும் முடிவுரையார். அஃது எவ்வினாவுக்கு விடையாக எழுதப்பட்டது என்று முன்பக்கங்களைப் புரட்டுவார். சேனாவரையரின் ஒவ்வொரு தொடரும் அத்தகைய விடையே. வினாவைக் கண்டறியாது விடையைப் படித்ததே எம் பிழை.

கிளவியாக்கத்தில் செப்பும் வினாவும் வழுவாமை கூறும் இடத்தையே சான்றாகக் கொள்வோம். சேனாவரையர் செப்பைச் செவ்வன் இறை, இறை பயப்பது என இரண்டாகப் பகுக்கிறார். கேட்டதற்கு நேரே விடை கூறல் முன்னது. உண்ண அழைத்தவரிடம் வயிற்றுவலி என்றல் பின்னது; மறுப்புச் சொல்லில் இல்லை, பொருளில் உண்டு. இவ்விரண்டே ஏன் என்று வினவினால்தான் உரையின் ஆற்றல் புலனாகும். அவர்க்கு முற்பட்ட இளம்பூரணர் செப்பைப் பலவாக விரித்துக் காட்டினார். பட்டியலை மனப்பாடம் செய்யலாம். ஆனால் வகைகளை ஒரு கொள்கையின்கீழ் அடக்கும்போதுதான் அறிவு பிறக்கிறது. சுருக்க நூல்கள் 'செப்பு இருவகை' என்னும் முடிவை மட்டும் தந்து அமைகின்றன. முடிவுக்கு வந்த வழியை நீக்கிவிட்டு முடிவை மட்டும் தருவது இலக்கணக் கல்வி ஆகாது.

எனினும் உரையாசிரியர்பால் குறையே இல்லை என யாம் கூறோம். தாம் மறுக்கும் கருத்தைச் சில சொற்களில் சுட்டிக் கடந்துவிடுகிறார். வடநூற் கொள்கைகளைப் படிப்போர் அறிந்தவர் என்றே எண்ணிச் செல்கிறார். எனவே இளம்பூரணத்தை அருகில் வைத்துக்கொள்வது இன்றியமையாதது. 1938இல் சுன்னாகத்தில் வெளிவந்த பதிப்பில் சி. கணேசையர் எழுதிய குறிப்புகளும் பெருந்துணை புரியும்.

பயிற்றுவோர் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லல் வேண்டும். நன்னூலின் எண்வகை விடைகளைப் பள்ளியில் கற்ற மாணவனிடம், அவற்றுள் நேர்விடை எவை, பொருளால் விடையாவன எவை எனப் பிரிக்கச் சொன்னால், அவன் தானே சேனாவரையத்தின் வாயிலை அடைவான். ஆசிரியர் உரைப்பதால் காற்பங்கும், உடன் பயில்வாரால் காற்பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கல்வி நிரம்பும் என்பது நன்னூலின் பொதுப்பாயிரம் காட்டும் கணக்கு. அதன்படி எம் கூட்டத்தை மீண்டும் கூட்டினோம். வாரம் ஒருவர் ஆசிரியராக அமர்ந்தார். உரையைத் தொடுமுன் அதில் மறைந்துள்ள வினாவை எழுதிக் காட்டல் அவர் கடமை. ஒரு நூற்பாவுக்கு ஒரு ஞாயிறு சென்றதும் உண்டு, கூட்டம் கலையவில்லை.

தமிழை வீட்டில் மட்டுமே கற்ற நண்பர் மகள் ஒருநாள் அங்கிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி. வயிற்றுவலி எடுத்துக்காட்டைக் கேட்டவள், "கேள்விக்கு எதிர்க்கேள்வி கேட்டால் அதுவும் விடைதானா, மாமா?" என்றாள். உரையாசிரியர்கள் எழுப்பிய வினாக்களுள் அதுவும் ஒன்று என்பதை அவள் அறியாள். அன்று யாம் விடை கூறவில்லை. இளம்பூரணத்தையும் சேனாவரையத்தையும் அவள்முன் விரித்து வைத்தோம். சுருக்கம் மட்டுமே அவள் கைக்குக் கிட்டியிருப்பின், அவ்வினா பிறந்திராது. வினாவை வளர்ப்பதே இவ்வுரையின் பயன். கடினமென்று ஒதுக்கினால் இழப்பு உரைக்கன்று, நம் பிள்ளைகளுக்கே.