பரிவும் பொறுப்பும்: ‘ஆயிஷா’ குறுநாவலின் கதைசொல்லி ஆசிரியை

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ குறுநாவல் வெளிவந்த நாள்முதல் ஆசிரியர் கூட்டங்களிலும் கல்வி குறித்த விவாதங்களிலும் தொடர்ந்து பேசப்பட்டு வருகிறது. மனப்பாடக் கல்வியின்மீது வைக்கப்பட்ட கண்டனம் என்பதே அதற்குரிய வழக்கமான வாசிப்பு. அவ்வாசிப்பு பிழையன்று. எனினும் அடிபடும் மாணவி ஒருத்தியை அறிந்திருந்த ஆசிரியை அவளுடைய பாதுகாப்புக்காக என்ன செய்தார் என்னும் வினாவை அது எழுப்புவதில்லை.

கதை எளியது. பத்தாம் வகுப்பு மாணவி ஆயிஷா காந்தத்தைப் பற்றி வகுப்பில் எழுப்பும் ஐயம் அறிவியல் ஆசிரியையை உலுக்குகிறது. அதுவரை எந்திரம்போல் பாடம் நடத்திவந்தவர் மீண்டும் படிக்கத் தொடங்குகிறார். இருவருக்குமிடையே நெருக்கம் வளர்கிறது. பிற ஆசிரியர்களுக்கோ ஆயிஷா ஒரு தொல்லை. கேட்டதற்கும், குறிப்பேட்டில் இல்லாததைச் சிந்தித்து எழுதியதற்கும் அவள் அடிபடுகிறாள். அடி வலிக்காமல் இருப்பதற்கு வழி தேடி, உடலை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தனக்குத்தானே செலுத்திக்கொண்டு இறந்துபோகிறாள். கதை முழுவதும் அவ்வாசிரியை பின்னாளில் எழுதிய அறிவியல் நூலொன்றின் முன்னுரையாக அமைந்துள்ளது.

கதைசொல்லியின் குரலில் குற்றவுணர்வு தோய்ந்திருக்கிறது. வாசகர் அக்குரலோடு ஒன்றிவிடுவதால் அவரை நல்லாசிரியராகவும் ஏனையோரைக் கொடியோராகவும் பிரித்துக்கொள்வது எளிதாகிறது. ஆனால் பனுவலில் அவர் செய்தனவற்றை மட்டும் நிரல்படுத்திப் பார்த்தால் கிடைப்பது வேறொரு சித்திரம். அவர் வியக்கிறார், நெகிழ்கிறார், மாணவியின் அறிவுக்குத் துணையாகிறார். அடியை நிறுத்துவதற்குப் பள்ளி என்னும் அமைப்புக்குள் அவர் எடுத்த உறுதியான நடவடிக்கை என ஒன்று கதையின் மையத்தில் இடம்பெறவில்லை. ஆயிஷாவின் அறிவு அவருக்குப் பொறுப்பாகிறது. ஆயிஷாவின் உடல் ஆகவில்லை. பரிவு பொறுப்பின் இடத்தை நிரப்பிவிடுவதுதான் இக்கதையின் கூர்மையான, அதிகம் பேசப்படாத அவலம்.

முன்னுரை என்னும் வடிவம் இவ்விடத்தில் கருதத்தக்கது. தமிழ் மரபில் ஆசிரியரின் இலக்கணம் சொல்லப்படும் இடமே பாயிரம்தான். நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியர், கற்பிக்கும் முறை, மாணவர், கற்கும் முறை என ஐந்தைப் பேசுகிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியன உவமைகள். ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன உவமைகள். பின்னைய நான்கும் அறிவைக் கொடுக்கும் முறையில் நேரும் குறைகளையே சுட்டுகின்றன. மடற்பனையின் கருக்கு அணுகுவோரின் கையைக் கிழிக்கும். அங்கும் பேசப்படுவது காயமன்று, பழம் எளிதில் கிட்டாமையே. மாணவரைப் பற்றிய பகுதியோ ஆசிரியரை நெருப்பாகக் கொள்கிறது. குளிர்காய்பவர்போல மிக விலகாமலும் மிக நெருங்காமலும் அஞ்சி நிற்க வேண்டியவர் மாணவர். சுடாமல் இருப்பது நெருப்பின் கடமையென அங்குச் சொல்லப்படவில்லை. தூரத்தைக் கணிப்பது மாணவரின் வேலை. பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண நூலிடம் இன்றைய குழந்தை உரிமையை எதிர்பார்ப்பது முறையாகாது. ஆயினும் பாதுகாப்பின் சுமையை மாணவர்மேல் ஏற்றும் அப்பழக்கம் ‘ஆயிஷா’வின் பள்ளியில் முழு உருக்கொள்கிறது. நெருப்பை யாரும் தணிக்காதபோது சுடுவது தெரியாதவாறு தன் தோலை மாற்றிக்கொள்ள முனைகிறாள் ஒரு மாணவி. கதைசொல்லி தன் நூலுக்கு எழுதும் முன்னுரை, மரபுப் பாயிரம் விட்டுவிட்ட அந்த ஆறாவது பொருளைத் தொடுகிறது. ஆனால் மாணவி இறந்த பிறகு.

அக்காலத்தில் பள்ளிகளில் அடி இயல்பானது, தனியொரு ஆசிரியை என்ன செய்திருக்க முடியும் என்னும் மறுப்பு எழலாம். அம்மறுப்பில் பாதி உண்மை உண்டு. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி, 2003இல் திருத்தப்பட்ட பின்னரே உடல்சார் தண்டனையை விலக்கியது. அதற்கு முன்பும் அவ்விதி கட்டற்ற உரிமையை வழங்கவில்லை. குறிப்பிட்ட ஒழுக்கக்கேடுகளுக்கு மட்டும், தலைமையாசிரியரின் மேற்பார்வையில் என்னும் வரம்பு இருந்தது. கேள்வி கேட்பது அவ்வொழுக்கக்கேடுகளில் அடங்காது. எனவே சக ஆசிரியர்களின் பிரம்பைக் கேள்விக்குட்படுத்த விதி அன்றும் இடந்தந்தது. இடந்தராதது ஆசிரியர் அறையின் இணக்கம். ஒருவர் வகுப்பில் மற்றவர் தலையிடுவதில்லை என்னும் எழுதாத உடன்பாட்டைக் கதைசொல்லி மீறவில்லை.

இன்றைய நிலையும் முற்றிலும் வேறன்று. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல்சார் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்து, மீறுபவர்மீது பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிவகுக்கிறது. ஆனால் அச்சட்டத்தில் குழந்தை என்பது ஆறு முதல் பதினான்கு வயது வரை. பத்தாம் வகுப்பு ஆயிஷா பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே நிற்பாள். மேலும், அடிப்பவரைக் குறிக்கும் அப்பிரிவு அருகிலிருந்து அறிந்தவரைப் பற்றிப் பேசவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதனின் வேறுபட்டது. பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் அதனைத் தெரிவிக்க வேண்டும் என 19ஆம் பிரிவும், தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது என 21ஆம் பிரிவும் கூறுகின்றன. அறிந்தவரின் மௌனத்தையும் குற்றமாகக் கண்ட அச்சட்டத்தின் பார்வை பிரம்படிக்கு இன்னும் நீளவில்லை. அந்த இடைவெளியில்தான் ‘ஆயிஷா’வின் கதைசொல்லி நிற்கிறார்: கொடுமை செய்யாதவர், கொடுமையை அறிந்தவர், சட்டத்தின் கண்ணில் படாதவர்.

இக்குறுநாவலை ஆசிரியர் பயிற்சியில் வைக்கும்போது, அடிக்கும் ஆசிரியராகக் கூடாது என்னும் பாடத்தோடு நிறுத்திவிடுவது வசதியானது. வகுப்பறையில் அமர்ந்து இக்கதைக்குக் கண்கலங்கும் பெரும்பாலோர் அடிக்கப்போகிறவர்கள் அல்லர். பக்கத்து வகுப்பிலிருந்து வரும் ஓசையைக் கேட்கப்போகிறவர்கள். அவர்களுக்குரிய பாத்திரம் கதைசொல்லியே.

பனுவலின் உச்சம் இதனை உறுதிசெய்கிறது. மருந்தைச் செலுத்திக்கொண்ட ஆயிஷா தேடி வருவது இதே ஆசிரியையைத்தான். அவர்மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அவள் புகலிடம் கேட்டு வரவில்லை. செய்துமுடித்த சோதனையொன்றின் முடிவை, அறிவியல் கற்றுத்தந்தவரிடம் காட்ட வருகிறாள். வியப்பார் என்று அவரிடம் எதிர்பார்க்க அவள் கற்றிருந்தாள். காப்பார் என்று எதிர்பார்க்க அவளுக்கு எவரும் கற்றுத்தரவில்லை.