மிரட்ட ஆளில்லாத கள்ளன்

திருந்திய கள்ளனைப் பழைய குற்றத்தைச் சொல்லி மிரட்டி இன்னொரு களவுக்கு இழுப்பது, குற்றக் கதைகளில் பழகிப்போன சங்கதி. ஓ ஹென்றியின் ஜிம்மி வலன்டைன் கதை (1903) இதை வேறு விதமாகச் செய்கிறது.

சிறையிலிருந்து வந்த ஜிம்மி மறுபடியும் பெட்டகங்களை உடைக்கிறான். பிறகு எல்மோரில் வங்கிக்காரரின் மகள் அனபெல்லைக் கண்டு மனம் மாறுகிறான். பெயரையும் மாற்றிச் சப்பாத்துக் கடை போடுகிறான். கலியாணம் நெருங்கும்போது வங்கியின் புதிய பெட்டக அறைக்குள் ஐந்து வயது அகதா அகப்பட்டுக்கொள்கிறாள். ஜிம்மி தன் களவுக் கருவிகளை எல்லோர் முன்னிலையிலும் எடுக்கிறான். அவனைப் பிடிக்க வந்த பென் பிரைஸும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.

இங்கே அவனை மிரட்ட யாருமில்லை. விட்டுவிட்ட தொழிலை அவனாகவே கையில் எடுக்கிறான். அதனால் தன் வாழ்வே போகும் என்று தெரிந்தும்தான். மிரட்டலுக்குப் பணிபவன் தன்னைக் காக்கப் பார்க்கிறான். இவன் தன்னையே கொடுக்கிறான். கதையின் பலம் இதுதான்.

பிரைஸ் அவனைத் தெரியாதவர்போல் போய்விடுகிறார். 1898 முதல் 1901 வரை சிறையிலிருந்த எழுத்தாளருக்கு இந்த இரக்கம் இயல்பானதே.

சரி, ஜெபர்சன் நகரில் களவுபோன 5,000 டொலர்? பறிகொடுத்தவர்கள் கதைக்குள் தலைகாட்டவே இல்லை. இழந்தவர்கள் வேறு, மன்னிப்பவர் வேறு. பொருளைத் திருப்பிக் கொடுக்காத திருந்தல் அரைத் திருந்தல்தானே?