இல்லமும் குடியும்

ஆண்டுதோறும் முதலாம் தவணையில் சம்மாந்துறை, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகிய ஊர்களின் பாடசாலை மைதானங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. கம்பும் கிடுகும் வர்ணக் கடதாசியும் கொண்டு கூடாரங்கள் எழுகின்றன. கொடியேந்தி மாணவர் அணிநடை செல்கின்றனர். மாலையில் பிரதம அதிதி கிண்ணம் வழங்குகிறார். மறுநாள் கூடாரம் பிரிக்கப்படுகிறது. கல்லூரிச் சின்னத்தையும் இல்ல முறையையும் பற்றி நம்மவர் சிந்திப்பது பெரும்பாலும் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. கதையையும் கவிதையையும் சமுதாயத்தின் விளைபொருளாக நோக்கப் பழகிய நாம், பிள்ளையின் சட்டையில் பத்தாண்டுக் காலம் ஒட்டிக்கிடக்கும் ஒரு சித்திரத்தை மட்டும் ஏன் விமர்சனத்திற்கு அப்பாற்பட்டதாக விட்டுவைத்தோம்? எந்தவொரு கல்லூரியையும் தனித்துச் சுட்டுவது இங்கு நோக்கமன்று. பொதுவான வழக்கமொன்றே நமது ஆய்வுக்குரியது.

இல்லம் என்ற சொல் இங்கே ஒரு மொழிபெயர்ப்பு. ஈட்டன், ஹறோ, றக்பி போன்ற ஆங்கில விடுதிப் பாடசாலைகளில் அது உண்மையாகவே வீடாக இருந்தது. பிரபுக்களின் பிள்ளைகள் அங்கே உண்டு உறங்கினர். வீட்டுக்குப் பொறுப்பான ஆசிரியரின் பெயரே வீட்டின் பெயராயிற்று. 1828 முதல் 1842 வரை றக்பியின் தலைமையாசிரியராக இருந்த தோமஸ் ஆர்னல்ட், மூத்த மாணவரைக் கொண்டு இளையோரை ஆளும் முறையை உறுதிப்படுத்தினார். அவ்வாறு ஆளப் பழகிய இளைஞர்களே பின்னர் குடியேற்ற நாடுகளை ஆளப் புறப்பட்டனர். அந்த முறை பகற்பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தபோது வீடு மறைந்து பெயரும் நிறமும் மட்டுமே எஞ்சின.

இலங்கைக்கும் அது அவ்வாறே வந்தது. 1835இல் தொடங்கிய கொழும்பு றோயல் கல்லூரியின் இல்லங்கள் மார்ஷ், போக், ஹார்ட்லி, ஹார்வர்ட், றீட் என்னும் ஆங்கிலேய அதிபர்களின் பெயர்களைத் தாங்கின. அக்கல்லூரியின் மகுடவாசகமோ இலத்தீன். கற்றுக்கொள், அல்லது வெளியேறு என்பது அதன் பொருள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அந்நியப் பெயர்களை நாடவில்லை. காசிப்பிள்ளை, நாகலிங்கம், பசுபதி, சபாபதி, செல்வத்துரை என்று தன்னை நிறுவியோரையும் நடத்தியோரையும் அது நினைவுகூர்ந்தது. சுதேசிய உணர்ச்சியின் வெளிப்பாடு என்ற வகையில் இதனைப் பாராட்டலாம். ஆயினும் பெயர்ப்பலகை மாறியதேயன்றி, பெயருக்குரிய தகுதி மாறவில்லை. செல்வமோ பதவியோ உடைய ஆண்மகன் என்பதே அந்தத் தகுதி.

சம்மாந்துறைக்கு உயர்கல்வி வந்த வழி வேறு. ஏ. எம். ஏ. அஸீஸ் 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து உணவுற்பத்தியோடு முஸ்லிம்களின் கல்வியிலும் ஊக்கங்கொண்டார். 1945 ஒக்டோபர் 1 முதல் கல்வி இலவசமாயிற்று. கன்னங்கராவின் மத்திய பாடசாலைத் திட்டம் கிராமப்புறங்களை நோக்கி வகுக்கப்பட்டது. சம்மாந்துறை முஸ்லிம் மத்திய கல்லூரியின் பெயரிலுள்ள ‘மத்திய’ என்ற சொல் அந்தத் திட்டத்தின் நினைவைச் சுமப்பது. அதனை வெறும் அலங்காரமாகக் கொள்ளலாகாது.

இவ்வூர் வெறும் தரையன்று. கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலே குடி என்னும் அமைப்பு உண்டு. அது தாய்வழி வருவது. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. ஒரே குடிக்குள் மணமுடிப்பதில்லை என்பது பழைய விதி. பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர்கள் குடிவாரியாகவே இடம்பெற்றனர். வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். வயலிலோ வேறொரு படிநிலை நின்றது: மேலே போடியார், அவர்க்குக் கீழே முல்லைக்காரன், அடியிலே வயற்காரன்.

இந்த ஊருக்குள்தான் இல்ல முறை நுழைந்தது. அது செய்த ஒரு நன்மையை மறைப்பது நேர்மையாகாது. பிள்ளைகளை இல்லங்களுக்குப் பிரிக்கும்போது பெரும்பாலும் சேர்விலக்க வரிசையே பார்க்கப்படுகிறது. அந்த இலக்கத்திற்குக் குடியும் தெரியாது, வயலின் அளவும் தெரியாது. போடியாரின் மகனும் வயற்காரனின் மகனும் ஒரே நிறச் சட்டையணிந்து, ஒரே அஞ்சலோட்டக் கோலைக் கைமாற்றிக்கொண்டனர். பிரபுக்களின் பிள்ளைகளைப் பிரபுக்களாகவே வளர்ப்பதற்கு எழுந்த ஒரு முறை, இலவசக் கல்வியின் கையில் அகப்பட்டு, அதன் கர்த்தாக்கள் கனவிலும் கருதாத வேலையைச் செய்தது. வரலாற்றில் இத்தகைய வேடிக்கைகள் உண்டு.

ஆனால் பெயரிடும் வேளையில் பழைய மனம் திரும்பிவிடுகிறது. நமது பாடசாலைகளின் இல்லங்களுக்கு ஹிரா, ஸபா, மர்வா, அரபா என்னும் புனித இடங்களின் பெயர்களும், சித்திலெப்பை, ஜாயா, அஸீஸ், இக்பால் போன்ற பெரியார்களின் பெயர்களும் பரவலாக வழங்குகின்றன. இவர்களின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. சித்திலெப்பை சமூகத்தின் கண்ணைத் திறந்தவர். ஜாயா 1921 முதல் 1948 வரை கொழும்பு ஸாஹிறாவைக் கட்டியெழுப்பியவர். நமது வினா வேறு. குடி தாயால் வருகிற ஊரில், கூரையும் சுவரும் மகளின் பெயரில் எழுதப்படுகிற ஊரில், பாடசாலையின் ‘இல்லம்’ ஒன்றுக்குக்கூடப் பெண்ணொருத்தியின் பெயர் எளிதில் கிட்டாமற் போனது ஏன்?

தாய்வழி என்றதும் பெண்ணாட்சி என்று மயங்கவேண்டா. வீடு மகளுக்கு என்றாலும் மரைக்காயர் ஆண்தான். அந்த வீட்டைக் கட்டுவதற்காகத் தந்தை நிலத்தை விற்றான். தமையன் தன் திருமணத்தைத் தள்ளிவைத்தான். கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாயே மத்திய கிழக்கின் சமையலறைகளுக்குப் பணிப்பெண்ணாகச் சென்று கல்லும் சீமெந்தும் வாங்கப் பணம் அனுப்புகிறாள். இவளுடைய பிள்ளை மைதானத்தில் ஓடுகிறது. இல்லத்தின் பெயரோ இவள் உலகத்தைச் சாராதது. எடுத்துக்காட்டுக்குப் பெயர் இல்லை என்று கூறுவாரும் உளர். 1946இல் தோன்றிய கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியை அதிபராயிருந்து வளர்த்த ஆயிஷா ரவூப் யார்? மொரோக்கோவின் பாஸ் நகரில் 859ஆம் ஆண்டில் கராவியீன் பள்ளிவாசலை நிறுவியவள் என்று மரபு போற்றும் பாத்திமா அல்-பிஹ்ரி யார்? பெயருக்குப் பஞ்சமில்லை.

சின்னத்திற்கு வருவோம். பெரும்பாலான கல்லூரிச் சின்னங்களின் உருவம் கேடயம். ஐரோப்பியப் போர்வீரனின் கையிலிருந்தது. அதற்குள்ளே பிறையும் நட்சத்திரமும் விரித்த நூலும் குடிபுகுந்தன. கீழே சுருளும் நாடாவில் அறிவை வேண்டும் குர்ஆன் வாக்கியமொன்று அரபு எழுத்தில் நிற்கும். அரபெழுத்து இவ்வூர்களுக்கு அந்நியமன்று. அறபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த மூதாட்டிகள் இங்கே வாழ்ந்தனர். ஆயினும் அவர்கள் அந்த எழுத்திலும் தமிழையே வாசித்தனர். எழுத்தைத் தெரிந்த தாய்க்குப் பொருள் தெரியாமலிருப்பதற்கு ஒரு வரித் தமிழ் போதிய மருந்து. அந்த ஒரு வரிக்குச் சின்னத்தில் இடமில்லாதது வியப்பே.

கேடயம் வருமுன் இங்கே சின்னமே இல்லையென்று எண்ணுதல் அறியாமை. மட்டக்களப்புப் பகுதியின் வயற்காட்டு ஊர்களிலே மாட்டுக்குக் குறிசுடுவது பழைய வழக்கு. உடையவனின் அடையாளத்தோடு குடியின் அடையாளமும் அக்குறியில் இடம்பெற்றதுண்டு. காட்டிலே மேயும் மாட்டைக் கண்டவன் குறியைப் பார்த்து இன்னாருடையது, இன்ன குடியினது என்று கூறிவிடுவான். சில கோடுகளாலும் வளைவுகளாலும் ஓர் உறவு முழுவதையும் எழுதிவைத்த அந்தக் கைத்திறனைச் சித்திர பாடத்திற்காவது நாம் அழைத்ததில்லை. அதே வேளையில், குறி என்பது உடைமையின் அடையாளம் என்பதையும் மறத்தல் கூடாது. பிள்ளையின் மார்பிலுள்ள சின்னம் அவன் யாருடையவன் என்பதைச் சொல்லவேண்டுமா, அவன் எதைத் தேடுகிறான் என்பதைச் சொல்லவேண்டுமா?

இன்று வேறொரு குறியும் விழத் தொடங்கியுள்ளது. இல்ல அலங்காரத்திற்குச் செலவு. நிறச் சட்டைக்குச் செலவு. அணிநடைக்குரிய தொப்பிக்கும் கையுறைக்கும் செலவு. அரசாங்கம் 1993 முதல் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வந்திருக்கிறது. இல்லச் சட்டையை அது வழங்குவதில்லை. ஆகவே அனுசரணையாளர் வருகிறார். அவருடைய கடையின் பெயர் பிள்ளையின் முதுகில் ஏறுகிறது. மார்பிலே கல்லூரி, முதுகிலே கடை. சட்டைக்குப் பணமில்லாத பிள்ளை அணிநடைக்குத் தெரியப்படுவதில்லை. அதற்கு உடல் நலமில்லை என்று வீட்டார் சொல்லியனுப்புகின்றனர். சேர்விலக்கம் சமமாகப் பிரித்து வைத்ததை ஒரு சட்டை இரண்டாக்கிவிடுகிறது.

பாடசாலை மலர்களைப் புரட்டிப் பாருங்கள். அமைச்சரின் வாழ்த்து, பணிப்பாளரின் வாழ்த்து, பழைய அதிபர்களின் வரிசை, நன்கொடையாளரின் நிழற்படம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சின்னத்தை முதன்முதல் கடதாசியில் வரைந்த சித்திர ஆசிரியர் யார், இல்லங்களுக்குப் பெயரிட்ட கூட்டத்தில் யார் யார் அமர்ந்திருந்தனர், வேறு எந்தப் பெயர்கள் அங்கே முன்மொழியப்பட்டுத் தள்ளப்பட்டன என்னும் செய்திகள் அரிதாகவே கிடைக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அவர்களிடம் கற்ற முதியவர்களும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்டு எழுதும் இதழாசிரியர், அமைச்சரின் செயலாளருக்குக் கடிதம் அனுப்புமுன், இவர்களின் வாசலுக்கு ஒரு தடவை சென்று வரலாம்.