கடன் வாங்கிய இலையுதிர் காலம்

நவம்பர் மாதம் வந்துவிட்டால் நம் கத்தோலிக்க இதழ்களில் ஒருவகைச் சிந்தனைக் கட்டுரை தவறாமல் தலைகாட்டுகிறது. பழங்காட்டுச் சாலையொன்றில் ஆசிரியர் தனியே நடப்பார். பொன்னிற இலைகள் காலடியில் சலசலக்கும். அவை இறந்தோரை நினைவூட்டும். ஒரு செபத்தோடு கட்டுரை நிறைவுறும். நடை இனியது; பக்தியும் மெய்யானதே. ஆயினும் கோவை ஆர்.எஸ்.புரத்தில் அமர்ந்து அதைப் படிக்கும் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. இவ்விலைகள் எந்த மரத்திலிருந்து உதிர்ந்தன?

கொங்கு நாட்டில் நவம்பர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்து ஆனைமலைத் தேக்கங்காடுகள் இலையடர்ந்து நிற்கும் காலம் அது. நவம்பரில் உதிர்வன ஐரோப்பாவின் மரங்கள். நவம்பர் 2ஆம் நாளை இறந்தோர் நினைவுக்கென வகுத்தவர் பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் அதிபர் புனித ஓடிலோ. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இது நிகழ்ந்தது. அவருடைய சாளரத்துக்கு வெளியே இலை உதிர்ந்துகொண்டிருந்திருக்கும். 1886இல் மறைமாவட்டமான கோவையில் உழைத்த பாரீசு மறைபரப்புச் சபைக் குருக்களுக்கும் அது பிறந்த மண்ணின் நினைவு. அவர்களிடம் நமக்குக் குறையில்லை. அதே காட்சியை நம் எழுத்தாளர் டாப்ஸ்லிப்பில் கொண்டுபோய் வைக்கும்போதுதான் இடறுகிறது.

தேக்கு இலை உதிர்ப்பது தை பிறந்த பின். மாசி, பங்குனியில் காடு மொட்டையாகிவிடும். பெரும்பாலும் தவக்காலத்தோடு ஒட்டிவரும் பருவம். முறம்போல் அகன்ற சொரசொரப்பான இலை, பழுப்பேறிக் கிளைகளில் தட்டித் தட்டி ஓசையோடு விழும். மரம் சாகவில்லை, வறட்சியைத் தாங்க நீரைச் சேமிக்கிறது. தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிலையும் பின்பனியையும் உரிமையாக்கியது. பின்பனி என்பது இதே மாசியும் பங்குனியுமே! காட்டுவழி நடத்தல், பிரிதல், நீர் வேட்கை, நிழலற்ற மரம் என இவ்வளவையும் நம் முன்னோர் ஒரு திணையாகவே வகுத்து வைத்திருக்க, நாம் கடன் வாங்கப் போனது விந்தைதான்.

டாப்ஸ்லிப் என்னும் பெயரே, வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் வந்தது. கப்பலுக்கும் இருப்புப்பாதைக்குமாக அழிந்த காட்டை மீண்டும் வளர்த்தவர் ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி. 1933இல் மறைந்த அவரது கல்லறை அங்கேயே இருக்கிறது. அவருடைய நினைவுச்சின்னத்தைத் தேடுவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் பொருளில் இலத்தீன் வாசகம் பொறித்திருக்கிறார்கள். கட்டுரையாளர் பலர் இங்கே நின்று நெகிழ்கின்றனர். இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் கட்டடக் கலைஞர் ரென் அவர்களின் கல்லறைக்கு எழுதப்பட்ட வாசகம் அது, இதுவும் கடனே. சுற்றிலும் பார்த்தால் தேக்கு தெரிகிறது. யானை பழக்கி மரம் இழுத்த மலசரும், காட்டுத் தடங்களை அறிந்து வழிகாட்டிய காடரும் தெரிகின்றனரா? அவர்களுக்குக் கல்லுமில்லை, நம் கட்டுரைகளில் ஒரு வரியுமில்லை.

தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்த 40 மலையேற்றப் பாதைகளுள் டாப்ஸ்லிப் பாதையும் ஒன்று. ஆனால் உண்மையில் இலை உதிரும் மாதங்களில் காட்டுத்தீ அச்சத்தால் இத்தகைய பாதைகள் மூடப்படுவதுண்டு. நம் காட்டில் சருகு என்பது நெருப்புக்கு விறகு. பொன்னிலை மெத்தைமீது நடக்கும் கட்டுரையாளர் இதை அறிந்தவராகத் தெரியவில்லை.

இது வெறும் தாவர நூல் பிழையன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெற்றோரின் முகத்தைக்கூடக் காணாமல் அடக்கத்துக்கு அனுப்பியவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து அவர்கள் இதழைப் பிரிக்கும்போது, மரணம் ஓர் இலையின் மெல்லிய வீழ்ச்சி என்று வாசித்தால் என்ன நினைப்பார்கள்? அவர்களுக்கு நேர்ந்தது பாலை. அதைப் பாலை என்றே எழுதும் துணிவு நம் எழுத்தாளருக்கு வேண்டாமா?

நம் ஆர்.எஸ்.புரத்து வனக் கல்லூரி வளாகத்தில் 1902இல் தொடங்கிய காஸ் அருங்காட்சியகம் உள்ளது. அடுத்த நவம்பர் இதழுக்கு எழுத எண்ணுவோர் அங்கு சென்று வெட்டுமரங்களைப் பார்த்து வரலாம். தேக்கின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். இலையுதிர்த்து நின்றுபோன வளர்ச்சி மழைக்குப் பின் மீண்டும் தொடங்கிய இடம் ஒவ்வொரு வளையத்திலும் கோடாகப் பதிந்திருக்கும். விரலால் தொட்டு எண்ணலாம்.