சோப்பில் காறல்: எந்தச் சேர்மானம் தாங்கும்?

ஆனியில் ஊற்றிய சோப்புக் கட்டிகளை ஐப்பசியில் எடுத்துப் பார்த்தேன். ஓரங்களில் மிளகு அளவில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். ஒன்றிரண்டில் புள்ளியைச் சுற்றி எண்ணெய் கசிந்து பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனால், முறுக்கு தீர்ந்த பிறகும் கழுவாமல் மூடி வைத்த தூக்குவாளியைத் திறந்ததும் வருமே, அந்தக் காறல் வாடை. போட்டிருந்த லாவண்டர் மணம் அதற்குள் புதைந்துபோயிருந்தது. அந்தச் சோப்பில் பாதிக்கு மேல் சூரியகாந்தி எண்ணெய். கெடாமல் இருக்க வேண்டுமென்று வைட்டமின் ஈ மாத்திரை இரண்டையும் உடைத்து ஊற்றியிருந்தேன்.

கைச்சோப்பு செய்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தப் புள்ளியைச் சந்திக்கிறார்கள். உடனே ஆலோசனைகள் வந்து குவியும்: வைட்டமின் ஈ சேருங்கள், எலுமிச்சை பிழியுங்கள், மஞ்சள் போடுங்கள், ரோஸ்மேரி விடுங்கள், பிஎச்டி (BHT) கலந்தால் தீர்ந்தது, ஒன்றுமே சேர்க்காமல் இருப்பதுதான் இயற்கை. இவை எல்லாம் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தை விலக்கியாக வேண்டும். பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராமல் தடுப்பது ஒரு வேலை. எண்ணெய் காறாமல் தடுப்பது வேறொரு வேலை. நன்றாக உலர்ந்த சோப்பின் காரத்தன்மை பிஎச் 9, 10 என்று நிற்கிறது. நீரும் குறைவு. அதில் கிருமி வளர்வது அரிது. ஆகவே லோஷனுக்குப் போடுகிற பதனப்பொருளுக்குச் சோப்பில் வேலை இல்லை. கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு இந்தக் குழப்பத்தால்தான் சோப்புக்குள் வந்தது. இயற்கையின் கிருமிநாசினி என்று விற்கப்பட்ட அந்தச் சாறுகள் பலவற்றைச் சோதித்தபோது, கிருமியைக் கொன்றது உள்ளே கிடந்த பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைப் பொருள் என்று தெரியவந்தது. இயற்கையுமில்லை, இங்கே தேவையுமில்லை. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

காறல் என்பது காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்பு அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகள் உள்ள இடத்தில் கை வைப்பது. இரட்டைப் பிணைப்பு கூடக்கூட வேகம் கூடும். ஒரு பிணைப்புள்ள ஒலியிக் அமிலம் காறும் வேகத்தை 1 என்று வைத்தால், இரண்டு உள்ள லினோலெயிக் 10 மடங்குக்கு மேல், மூன்று உள்ள லினோலெனிக் 20 மடங்குக்கும் மேல். ஒரு மூலக்கூறு சிதைந்தால் அது அடுத்ததைச் சிதைக்கும், அது அதற்கடுத்ததை. இந்தச் சங்கிலியை மூட்டிவிடுவதில் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பங்குண்டு. எல்லாவற்றிலும் கொடியவை இரும்பும் செம்பும். பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு இருந்தாலே போதும். போர்வெல் தண்ணீரில் இரும்பு உண்டு, தரம் குறைந்த காஸ்டிக் சோடாவில் உண்டு. பித்தளைப் பாத்திரமும் இரும்பு வாணலியும் தாராளமாகத் தரும். கம்பி வலைத் தட்டில் சோப்பை உலர்த்தியவர்கள், கம்பி தொட்ட கோட்டிலேயே புள்ளிகள் வரிசை பிடிப்பதைப் பார்த்திருப்பார்கள்.

ஆகவே ஒரு சேர்மானம் உதவ வேண்டுமானால் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். சங்கிலியை நடுவில் அறுக்க வேண்டும். அல்லது உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். எதைச் செய்தாலும் முதலில் காஸ்டிக் கரைசலில் விழுந்து பிழைத்து வர வேண்டும். எண்ணெய் பாட்டிலுக்குள் நன்றாக வேலை செய்கிற பலவும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

வைட்டமின் ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் நாம் வாங்கும் பச்சை மாத்திரைக்குள் இருப்பது பெரும்பாலும் டோகோஃபெரில் அசிட்டேட். டோகோஃபெரால் தன்னுடைய ஹைட்ராக்சில் முனையால்தான் சங்கிலியை அறுக்கும். அசிட்டேட் வடிவில் அந்த முனை மூடிக் கிடக்கிறது. நம் உடலுக்குள் போனால் திறக்கும், எண்ணெயில் திறக்காது. காஸ்டிக்கில் திறக்குமே என்றால், உண்மைதான், திறக்கும். ஆனால் காரமும் காற்றும் சேர்ந்த இடத்தில் டோகோஃபெரால் நிலைக்காது, தானே கெட்டுப்போகும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் இயல்பாகவே கிலோவுக்கு அரை கிராம் அளவில் வைட்டமின் ஈ உண்டு. அவ்வளவு இருந்தும் அது சோப்பாகிய பின் காறுகிறது. அப்படியிருக்க 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மேலும் ஊற்றி என்ன மாறிவிடும்? என் ஆனி மாதச் சோப்பு அதற்குப் பதில் சொல்லிவிட்டது. எண்ணெயைச் சேமித்து வைக்கும்போது உண்மையான டோகோஃபெராலுக்கு ஒரு பயன் உண்டு. சோப்புக் காவலுக்கு அது ஆகாது.

மஞ்சளின் கதை நம் வீட்டு ஆரத்தித் தட்டிலேயே இருக்கிறது. மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் குங்குமச் சிவப்பாகிறதே, அது குர்குமின் காரத்தைச் சந்திப்பதால் வரும் மாற்றம். கார நீரில் குர்குமின் வெகு விரைவில் சிதையும். சுண்ணாம்பைவிடப் பலமடங்கு கடுமையான காஸ்டிக்கில் அது எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்? நிறத்துக்காக மஞ்சள் போடுங்கள், தவறில்லை. காவலுக்கென்று போட வேண்டாம். வேப்பிலைப் பொடி, துளசிப் பொடி போன்றவற்றில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பச்சையம் வெளிச்சத்தை வாங்கி ஆக்சிஜனைத் தூண்டிவிடும் பொருள். பச்சைச் சோப்பைக் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு அடுக்கி வைக்கிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ரோஸ்மேரி விஷயத்தில் பெயர்தான் ஏமாற்றுகிறது. நீலகிரியில் விளையும் ரோஸ்மேரியிலிருந்து ஆவியில் வடித்தெடுக்கும் வாசனை எண்ணெய் வேறு. இலையின் சத்தைப் பிரித்தெடுத்த கெட்டியான ரோஸ்மேரிச் சாறு வேறு. காறலைத் தடுக்கும் கார்னோசிக் அமிலம் ஆவியில் ஏறி வராது. எனவே வாசனை எண்ணெயை எத்தனை சொட்டு விட்டாலும் வாசனைதான் கிடைக்கும். சாறு நிஜமாகவே வேலை செய்யும். எண்ணெய் எடையில் 0.1 சதவீதம், அதாவது கிலோவுக்கு ஒரு கிராம் என்பது வழக்கமான அளவு. ஆனால் அதுவும் ஒரு ஃபீனால் வகைதான், காரம் அதையும் ஓரளவு தின்னும். அதனால் சோப்பு ஊற்றும் நாளில் சேர்ப்பதைவிட, எண்ணெய் டின்னை உடைத்த அன்றே கலந்துவிடுவதில்தான் அதன் முழுப் பயன் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அடுத்தது பிஎச்டி என்ற செயற்கைக் காறல் தடுப்பான். பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்பவர்கள் நிறைய. வேதியியல் பக்கம் நின்று பார்த்தால் இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். அதன் ஹைட்ராக்சில் முனைக்கு இரு பக்கமும் பருத்த கிளைகள் இரண்டு காவல் நிற்கின்றன. காரம் எளிதில் நெருங்க முடியாது. அமெரிக்காவில் உணவிலேயே கொழுப்பின் அளவில் 0.02 சதவீதம் வரை அனுமதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு 2021இல் ஆராய்ந்து, கழுவிவிடும் பொருளிலும் தோலில் தங்கும் பொருளிலும் 0.8 சதவீதம் வரை பாதுகாப்பானது என்று கருத்துச் சொன்னது. சோப்புக்குத் தேவைப்படுவது அதில் ஒரு சிறு பங்கு. பயத்துக்கு இங்கே ஆதாரம் குறைவு. உண்மையான சிக்கல் தராசில் இருக்கிறது. ஒரு கிலோ எண்ணெய்க்கு 0.02 சதவீதம் என்றால் 0.2 கிராம்; சமையலறைத் தராசு அதைக் காட்டாது. கண்ணளவில் ஒரு சிட்டிகை போட்டால் பல மடங்கு போய்விடும். 1 கிராம் பிஎச்டியை 99 கிராம் வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயில் கரைத்து வைத்து, கிலோவுக்கு 20 கிராம் எடுத்தால் அளவு சரியாக நிற்கும். அந்த 20 கிராமையும் எண்ணெய்க் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உலோகத்தைக் கட்டும் பொருள்களில் பெரிய பெயர் இடிடிஏ. கடைச் சோப்பின் உறையைப் புரட்டினால் பெரும்பாலும் டெட்ராசோடியம் இடிடிஏ என்று இருக்கும். பிடி வலுவானது, உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து படிவதையும் குறைக்கும். குறை என்னவென்றால் மண்ணிலும் நீரிலும் எளிதில் மக்காது. போகிற வழியில் கிடக்கும் உலோகங்களையும் கரைத்து எடுத்துப் போகும். நம் ஊர்களில் குளியலறைத் தண்ணீர் இன்றும் பல வீடுகளில் வாழைக்கும் தென்னைக்கும்தான் போகிறது. ஒரு வீட்டுச் சோப்பால் பெரிய கேடு வந்துவிடாது. ஆனாலும் அதே வேலையை மக்கும் பொருள் ஒன்று செய்யுமானால், கைச்சோப்புக்காரர் அதைத் தள்ளிவிட்டு இடிடிஏயை எடுக்க நியாயமில்லை.

அந்தப் பொருள் சிட்ரேட். சிட்ரிக் அமிலத்தைக் காஸ்டிக் கரைசலில் போட்டால் சோடியம் சிட்ரேட் ஆகும். அது இரும்பையும் செம்பையும் பிடித்துக்கொள்ளும், மண்ணில் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும். பிடி இடிடிஏ அளவு வலுவானதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சமையல் எண்ணெய் ஆலைகளில் காறல் தடுப்பானோடு சிட்ரிக் அமிலத்தையும் சேர்ப்பது பழைய வழக்கம். இரண்டும் கூட்டு சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிட அதிகம் செய்யும்.

ஆனால் பலரும் சறுக்குவது இங்கேதான். 10 கிராம் நீரற்ற சிட்ரிக் அமிலம் 6.24 கிராம் காஸ்டிக் சோடாவைக் குடித்துவிடும். அதை ஈடு செய்யாமல் விட்டால், கலவை எண்ணெயில் ஏறக்குறைய 40 கிராம் சோப்பாகாமல் மிஞ்சும். ஒரு கிலோ எண்ணெயில் 5 சதவீதம் சூப்பர்ஃபேட் (சோப்பாகாமல் விடும் எண்ணெய்) என்று திட்டமிட்டது 9 சதவீதம் ஆகிவிடும். காறலைத் தடுக்கப் போட்ட பொருள், காறுவதற்கு இன்னும் எண்ணெயைக் கொடுத்துவிடுகிறது! சிட்ரிக் அமிலம் இரண்டு வடிவில் விற்கிறது; ஒரு மூலக்கூறு நீர் சேர்ந்த வகையானால் 10 கிராமுக்கு 5.7 கிராம் காஸ்டிக். பாக்கெட்டைப் படித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் இந்தக் கணக்கே நடவாது. ஒவ்வொரு பழத்திலும் புளிப்பு வேறு. கூடவே வைட்டமின் சியும் வரும், அது உலோகம் இருக்கும் இடத்தில் காறலைத் தூண்டவும் செய்யும். கணக்கு வேண்டாமென்றால் சோடியம் சிட்ரேட்டையே வாங்கி நீரில் கரைத்துவிடலாம். 10 கிராம் நீரற்ற அமிலத்துக்குப் பதில் 15 கிராம்.

எதுவும் சேர்க்க வேண்டாம் என்பவர்களின் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அலெப்போவிலும் மார்செயிலும் நூற்றாண்டுகளாக ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு எந்தத் தடுப்பானும் இல்லாமல் நின்றிருக்கிறது. அலெப்போ சோப்பு மாதக்கணக்கில் உலரும்போது வெளியே பழுப்பேறி, உள்ளே பச்சையாகவே இருக்கும். அந்த நிறமாற்றத்தை யாரும் குறையாகச் சொல்வதில்லை. உண்மை. ஆனால் ஆலிவில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம். தேங்காய் எண்ணெயோ அதைவிடக் கெட்டி. லினோலெயிக் 2 சதவீதம் அளவுதான். அவர்களுடைய வெற்றி எண்ணெய்த் தேர்வின் வெற்றி. அதைச் சூரியகாந்திச் சோப்புக்குச் சாட்சியாக அழைக்க முடியாது.

தேங்காய் 40, சூரியகாந்தி 40, ஆமணக்கு 20 என்று கலந்தால் லினோலெயிக் 25 சதவீதம் அளவுக்குப் போகும். சூரியகாந்தியை 15ஆகக் குறைத்து, 25 பங்கு இலுப்பெண்ணெய் சேர்த்தால் 15க்குள் அடங்கும். அந்த ஒரு மாற்றம் செய்வதை எந்தப் பொடியும் எந்தச் சொட்டும் செய்யாது. ஏற்கெனவே காறத் தொடங்கிய எண்ணெயை எந்தச் சேர்மானமும் மீட்காது என்பதும் இதோடு சேர்ந்தது. மலிவாகக் கிடைத்தது என்று பழைய எண்ணெயை வாங்கி அதில் பிஎச்டி கலப்பது ஏமாற்று வேலை.

என் தீர்ப்பு இது. லினோலெயிக்கும் லினோலெனிக்கும் சேர்ந்து 15 சதவீதத்துக்குள் இருக்கும் சோப்புக்கு, புது எண்ணெயும் காய்ச்சி வடித்த நீரும் எவர்சில்வர் பாத்திரமும் இருந்தால், காறல் தடுப்பான் தேவையில்லை. கணக்குப் போட்டுச் சேர்த்த ஒரு சதவீத சிட்ரேட் மட்டும் நல்ல காப்பு. அந்த எல்லையைத் தாண்டுகிறவர், அல்லது கடைக்கு அனுப்பி ஓராண்டு நிற்க வேண்டுமென்கிறவர், சிட்ரேட்டோடு ரோஸ்மேரிச் சாறோ பிஎச்டியோ சேர்க்கட்டும். இரண்டில் சோப்புக்குள் உறுதியாக நிற்பது பிஎச்டி என்பதே என் எண்ணம். மாத்திரை, மஞ்சள், எலுமிச்சை, வாசனை எண்ணெய் ஆகியவற்றைக் காவல் என்று நம்பி ஏமாற வேண்டாம். சேர்த்ததை உறையில் எழுதுங்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பே இல்லை எனும்போது, ‘ரசாயனம் இல்லாதது’ என்ற வரியை எழுதாதீர்கள்.

இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. எண்ணெய் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டின்னையும் மோந்து பாருங்கள். காறியதைத் தள்ளிவிட்டு, நல்லதன் மேல் திறந்த தேதியை எழுதி வையுங்கள்.