வாடைக்காற்றும் ஆறாம் நிலமும்

செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலின் களம் நெடுந்தீவு. 1978இல் அது படமாக வந்த காலத்தில் பிலிம் சுருள் வேண்டும், திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தயவு வேண்டும், தியேட்டரும் வேண்டும். 2021இல் ஆனந்த ரமணனின் ‘ஆறாம் நிலம்’ யூடியூப்பிலேயே வெளியானது. கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தபடி, காணாமல் ஆக்கப்பட்ட கணவனைத் தேடும் பெண்ணின் கதை. நெடுந்தீவில் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்கள் அதைப் போனிலேயே பார்த்தார்கள். படம் அழவைக்க அவசரப்படவில்லை. அதுதான் அதன் பலம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கட சனத்தின் கதையை இப்படி யார் எடுப்பது? ‘கமரா இல்லை, தியேட்டர் கிடைக்காது’ என்ற சாட்டு இனிச் செல்லாது. பார்வை எண்ணிக்கைக்காகக் கண்ணீரை விற்கவும் வேண்டாம். புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகள் முதலில் உம்மம்மாவிடம் கேட்கட்டும்: வீட்டுத் திறப்பை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தீர்கள்?