சிப்பர் யார் கணக்கில்?

அடகுக் கடையில ஒரு மூக்குத்தி வெச்சாக்கூட சீட்டு தரணும். இண்டூரா இருந்தாலும் சென்னையா இருந்தாலும் அதுதான் சட்டம். கைதாகிறவர்கிட்ட எடுக்கிற பொருளுக்கு?

அதுக்கும் சட்டம் இருக்கு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51-வது பிரிவு, கைப்பற்றிய பொருட்களுக்கு ரசீது தரச் சொன்னது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 49-வது பிரிவும் அதையேதான் சொல்கிறது.

அப்புறம் ஏன் ஸ்டேன் சுவாமிக்கு அப்படி ஆச்சு? திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார், வயது 83. 2020 அக்டோபர் 8-ல் ராஞ்சியில் என்ஐஏ கைது செய்தது. நவி மும்பை தலோஜா சிறையில் அடைத்தார்கள். பார்கின்சன் நோயால் டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. கைதின்போது எடுத்த சிப்பரையும் உறிஞ்சுகுழலையும் திருப்பித் தரும்படி நவம்பரில் நீதிமன்றத்தில் மனு போட்டார். என்ஐஏ பதில் சொல்ல எடுத்துக்கொண்டது 20 நாள். வந்த பதில்: சாட்சிகள் முன்னிலையில் சோதனை செய்தோம், அப்படி எதையும் எடுக்கவில்லை.

யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகலை. என் விமர்சனம் சட்டத்தின் மீது. ரசீதில் ஏறுவது, அதிகாரி கைப்பற்றியதாக எழுதும் பொருள் மட்டும். 1894-ம் வருஷத்துச் சிறைச் சட்டத்தின் 25-வது பிரிவு பேசுவது, அனுமதியோடு உள்ளே வரும் பொருளைப் பற்றி மட்டும். அது ஜெயிலர் பொறுப்பு. நடுவில் காணாமல் போனது யார் கணக்கிலும் வராது. இருந்தது என்று காட்ட கைதியிடம் துண்டுச் சீட்டுகூட இருக்காது.

1965-ல் வந்த ஒரு தீர்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்க. பம்பாயில் தடுப்புக் காவலில் இருந்த பிரபாகர் சன்ஸ்கிரி, மராத்தியில் அணு அறிவியல் நூல் ஒன்றை எழுதினார். கையெழுத்துப் பிரதியை வெளியே அனுப்ப அரசு மறுத்தது. தடுக்கிற விதி இல்லாதபோது மறுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அங்கே பிரதி இருந்ததை யாரும் மறுக்கவில்லை. அதனால உரிமையைப் பற்றிப் பேச முடிஞ்சுது. சிப்பர் விஷயத்தில் பேச்சு, பொருள் இருந்ததா இல்லையா என்பதிலேயே நின்னுபோச்சு.

சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 300ஏ. ‘எவரும்’ என்பதில் கைதியும் அடக்கம். அப்படின்னா சிறை வாசலில், கையில் இருந்தது எல்லாத்துக்கும் ஒரே பட்டியல், கைதியின் கையெழுத்து, குடும்பத்துக்கு ஒரு நகல் வேணும். கண்ணாடி, சிப்பர், மருந்து பற்றி அன்றைக்கே முடிவு எடுக்கணும்.

நவம்பர் கடைசியில் சிறை நிர்வாகம் அவருக்கு ஒரு சிப்பர் கொடுத்தது. 2021 ஜூலை 5-ல், விசாரணைக் கைதியாகவே அவர் இறந்தார்.